இரவிகுளம்: வரையும் புல்லும் முதுவர் காலடியும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது இரவிகுளம் தேசியப் பூங்கா. மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, தேயிலை ஏற முடியாத உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம் இது. பெரும்பகுதி 2,000 மீட்டருக்குச் சற்று மேலே அலை அலையாக விரிகிறது. விளிம்பில் மட்டும் நிலம் சட்டென்று முடிந்து, பல நூறு அடி ஆழத்துக்குக் கரும்பாறையாக இறங்குகிறது. தெற்கு ஓரத்தில் ஆனைமுடி நிற்கிறது. உயரம் 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. யானையின் மத்தகம் போலப் புடைத்து வழுவழுப்பாக நிற்பதால் அந்தப் பெயர். பூங்காவை டர்னர் பள்ளத்தாக்கு நீளவாக்கில் பிளக்கிறது. வடக்கே நிலம் தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துப் புல்மலைகளோடு ஒட்டிக்கொள்கிறது. எல்லைக்கோடு வரைபடத்தில் மட்டும்தான். யானைக்கும் வரையாட்டுக்கும் இரண்டும் ஒரே மலை.

இந்த மலையின் பாறை மிகப் பழையது. உயிரினங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெருகுவதற்கு முன்பே, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய நைஸும் கிரானைட்டும்தான் இங்கே தரை. பாறை பழையது என்பதால் மலையும் அந்த வடிவிலேயே பழையது என்று கொள்ளக் கூடாது. மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்தபோது மேற்கு விளிம்பு உயர்ந்தது. பிறகு பல கோடி ஆண்டு மழை அதை அறுத்தது. மென்மையான இடங்கள் பள்ளமாயின, கடினமானவை ஆனைமுடியாக மிஞ்சின. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து முதலில் மோதும் சுவர்களில் ஒன்று இது. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பல நாள் பகலிலும் பத்தடி தூரம் தெரியாது. அந்த நீர் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. மேற்கே விழுவது பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுவது பாம்பாறாகி, அமராவதி அணைக்கு வந்து, தாராபுரம் வழியாகக் காவிரியைத் தேடுகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கத்து வயலில் பாயும் நீரில் ஒரு பங்கு இந்தப் புல்மேட்டில் ஊறியதுதான்.

புல்வெளி நீரை எப்படித் தேக்கும் என்ற கேள்விக்கு விடை அதன் அடியில் இருக்கிறது. புல்லின் வேர்ப்பின்னலுக்குக் கீழே, மக்கியும் மக்காமலும் கிடக்கும் கருமண், மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மார்ச் மாதத்திலும் இங்கே ஓடைகள் வற்றுவதில்லை.

இந்த நிலப்பரப்பில் பெரும்பங்கு புல்வெளி, சிறுபங்கு சோலை. இரண்டுக்கும் நடுவில் இடைப்பட்ட காடு கிடையாது. கத்தியால் வெட்டியதுபோல எல்லை. புல்லில் ஒரு காலும் சோலைக்குள் ஒரு காலுமாக நிற்கலாம். புல் பக்கம் காற்று முகத்தில் அறையும். உள்ளே எடுத்து வைத்த அடுத்த அடியில் காற்று நின்றுவிடும். மரங்கள் உயரம் குறைந்தவை. கிளைகள் முறுக்கேறியவை. பட்டை தெரியாத அளவுக்குப் பாசியும் ஆர்க்கிடும் மூடியிருக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை. புதுத்தளிர் செந்நிறமாக வருவதால், தளிர்க்கும் காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் சோலை முழுவதும் பூத்ததுபோலத் தோன்றும். காலடியில் இலைச்சருகு, ஈரம், எங்கோ ஓடைச் சத்தம்.

சோலை பள்ளத்திலும் புல் மேட்டிலும் இருப்பதற்கு முதற்காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகிறது. விடியற்காலையில் புல்நுனியெல்லாம் வெண்மையாக விறைத்து நிற்கும். திறந்தவெளியில் முளைத்த சோலை மரக்கன்று அந்த ஒரே இரவில் கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் உயிர் மண்ணை ஒட்டிய அடிக்குருத்தில் இருக்கிறது. மேல்பகுதி கருகினாலும், தீயில் எரிந்தாலும், விலங்கு மேய்ந்தாலும் அடியிலிருந்து மீண்டும் வரும். மண் ஆழமாகவும் ஈரமாகவும், காற்று மறைவாகவும் இருக்கும் மடிப்புகளில் மட்டும் மரம் பிழைக்கிறது. இவற்றோடு தீயும் சேர்ந்து எல்லையைக் கூர்மையாக்குகிறது.

மனிதன் காட்டை எரித்ததால்தான் இந்தப் புல்வெளிகள் உண்டாயின என்று நெடுநாள் ஒரு வாதம் இருந்தது. நீலகிரியில் இதேபோன்ற மேட்டுநிலத்துச் சதுப்புகளைத் தோண்டி, அங்கே படிந்த தாவரக் கரிமத்தை ஆராய்ந்த முடிவுகள் 1993-இல் வெளிவந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிரில் உறைந்திருந்த காலத்திலேயே அங்கே புல் ஓங்கியிருந்தது என்று அவை காட்டின. வேளாண்மை இந்த மலைகளை எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்தது. இந்தச் செய்தி தாவரவியலாளர்களின் சிறு விவகாரமன்று. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து, அதில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டுக் காடாக்குவதாக எண்ணியவர்கள் நீலகிரியிலும் பழனிமலையிலும் எவ்வளவு பரப்பை அழித்தார்கள் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். இரவிகுளம் பெரும்பாலும் அதற்குத் தப்பியது. தென்னிந்தியாவில் மேட்டுப் புல்வெளி அதன் இயல்பான வடிவில் எப்படி இருந்தது என்று இன்று யாராவது பார்க்க விரும்பினால், இங்கேதான் வர வேண்டும்.

பனியூழி உலகின் எச்சங்கள் இங்கே பல உண்டு. புல்மேட்டில் தனித்தனியாக நிற்கும் ரோடோடென்ட்ரான் மரம் கொத்துக் கொத்தாகச் செக்கச்செவேலெனப் பூக்கும். அதன் உறவினர்களைத் தேடினால் இமயமலைக்குப் போக வேண்டும். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்த மரம் இல்லை. பனியூழியில் சமவெளியும் குளிர்ந்திருந்தபோது இவை பரவின, பிறகு வெப்பம் கூடக்கூட மலையேறி, உச்சிகளில் தீவுகளாக ஒதுங்கின என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கடல் நடுவே தீவு இருப்பதுபோல, வெயில் சமவெளி நடுவே இந்த உயரங்கள் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் அந்தக் கடலின் ஒரு கால்வாய். அதற்கு வடக்கே நீலகிரிச் சோலையில் வாழும் நீலச் சோலைக்கிளி ஒரு இனம். தெற்கே ஆனைமலை, பழனி, இரவிகுளம் சோலைகளில் உள்ள வெண்வயிற்றுச் சோலைக்கிளி வேறு இனம். நடுவே முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள வெப்பத் தாழ்நிலத்தை இந்தச் சிறு பறவை கடப்பதில்லை.

இன்னும் குறுகிய தீவில் வாழும் ஒரு தவளை உண்டு. ஆனைமுடிச் சரிவில், 2010-இல் அறிவியலுக்கு அறிமுகமான ராவோர்செஸ்டிஸ் ரெஸ்பிளென்டென்ஸ். உடல் முழுவதும் செம்மஞ்சள், முதுகெங்கும் மேடுமேடாகச் சுரப்பிகள், மிகக் குட்டையான கால்கள். புதர் மூங்கிலின் அடித்தூரில் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். உலகில் இது அறியப்பட்ட இடம் ஒரு சில சதுர கிலோமீட்டர் மட்டுமே. நிலம் சூடாகும்போது மற்ற உயிர்கள் மேலே ஏறலாம். ஆனைமுடியில் வாழும் ஒன்றுக்கு அதற்கு மேல் மலை இல்லை.

இந்த உயர்நிலத்தின் பெரிய உயிர் வரையாடு. வரை என்றால் மலை; செங்குத்தான மலைச்சரிவையும் குறிக்கும். ஆட்டின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பெயரில் அடங்கிவிடுகிறது. சங்க நூல்கள் வருடை என்று சொல்வதும் இதையே என்பர். புல்வெளியில் மேய்ந்தாலும், ஆபத்து வந்தால் ஓடி நிற்கக் குன்றின் முகம் அருகில் இருக்க வேண்டும். பாறை இல்லாத புல்வெளி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வரையாட்டுக்கு உதவாது. சிறுத்தையும் செந்நாயும் துரத்தும்போது அது பாறை விளிம்பில் இறங்கி, ஒரு கை அகலமே உள்ள திட்டில் நான்கு குளம்பையும் ஒன்றாகச் சேர்த்து நின்றுகொள்ளும். குளம்பின் ஓரம் கெட்டி, நடுப்பகுதி ரப்பர் போல மெத்து. ஈரப் பாறையைப் பற்றுவது அந்த மெத்தென்ற பகுதிதான்.

பெண் ஆடு சாம்பல் கலந்த பழுப்பு நிறம், ஏறத்தாழ ஐம்பது கிலோ. கிடா வயதாக ஆகக் கறுத்து, நூறு கிலோவை எட்டும். முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு விழும். மேகம் விலகும் ஒரு கணத்தில், கறுத்த உடலும் வெளிறிய முதுகும் பின்னோக்கி வளைந்த கொம்புமாக அது பாறை மேல் நிற்பதைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை. மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்டில் இணைசேர்க்கை. ஆறு மாதம் கழித்து, மழையும் மேகமும் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் குட்டி. பெரும்பாலும் ஒரே குட்டி. பிறந்த சில நாட்களிலேயே அது தாயின் பின்னால் பாறையில் தாவப் பழகுகிறது.

அறிவியல் உலகம் இதை நெடுங்காலம் இமயத்து ஆட்டின் நெருங்கிய உறவென்று நினைத்து, ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தது. 2005-இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது செம்மறி இனத்துக்கே நெருக்கம் என்று தெரிந்தது. அதன் பிறகு நீலகிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினம் அதற்குக் கிடைத்தது. அந்தப் பேரினத்தில் உலகெங்கும் இது ஒன்றே உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. 1975-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் வாழிடம் முழுவதையும் நடந்து கணக்கெடுத்தவர் இ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாக அக்டோபர் 7-ஆம் நாளை வரையாடு நாளாகத் தமிழக அரசு கொண்டாடுகிறது. 2025-இல் இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் மொத்தம் 2,600-க்கு மேல் வந்தது. அதில் 800-க்கு மேல் இரவிகுளத்தில் மட்டும். உலகில் மீதமுள்ள வரையாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த ஒரே மேட்டை நம்பியிருக்கிறது.

குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சியும் இந்தப் புல்வெளியின் செடிதான். முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும் புதர். பதினோரு ஆண்டு இலை மட்டும் விட்டுக்கொண்டிருந்து, பன்னிரண்டாம் ஆண்டில் மலைமுழுவதும் ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, ஒன்றாகச் செத்துப்போகும். ஒரே நேரத்தில் கணக்கற்ற விதைகளைக் கொட்டிவிட்டால், தின்கிற உயிர்கள் தின்றது போகவும் மிஞ்சும் என்பது இந்த ஒழுங்குக்குச் சொல்லப்படும் காரணம். 1982, 1994, 2006, 2018 என்பது இங்கே அதன் வரிசை. அடுத்தது 2030. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியபோது அந்தப் பூப்பு பாதியில் சிதைந்தது. பூ தாமதித்தது, திட்டுத்திட்டாக வந்தது. மூணாறிலிருந்து இங்கே வரும் வழியில் பெரியவரைப் பாலமும் அந்த மழையில் போயிற்று.

மனிதர் இந்த மலைகளுக்குப் புதியவரல்லர். வடகிழக்கே மறையூர்ப் பள்ளத்தாக்கில் பாறைமேடுகளின் மேல் பெருங்கற்காலக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. ஊரார் அவற்றை முனியறை என்பார்கள். மறையூர், காந்தளூர் முதலான ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பர். மதுரைச் சீமையிலிருந்து தப்பிவந்த முன்னோரின் வழியினர் என்று அங்கே உள்ளவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். பேசுவதும் தமிழ்தான்.

மேட்டுநிலத்தின் மக்கள் முதுவர். அவர்கள் கதையும் மதுரையில்தான் தொடங்குகிறது. ஊர் அழிந்தபோது மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சொல்லாராய்ச்சி இதை ஏற்குமா என்பது வேறு. இன்றும் முதுவப் பெண்கள் குழந்தையைத் துணியில் கட்டி முதுகில் சுமந்தபடியே மலையேறுகிறார்கள். பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. கேழ்வரகு விதைப்பது, தேன் எடுப்பது, தைலப்புல் காய்ச்சுவது என்று வாழ்ந்தவர்கள். குடியில் மணமாகாத இளைஞர்கள் இரவில் தங்கச் சாவடி என்று தனி இடம் உண்டு. பூங்காவுக்குள் இன்றும் உள்ள அவர்களின் குடியிருப்பு லக்கம்குடி.

ஆங்கிலேயர் இந்த உயரங்களுக்கு முதலில் அளவுகோலோடு வந்தார்கள். திருவிதாங்கூரை அளந்த வார்டும் கானரும் 1810-களின் பிற்பகுதியில் இந்த மலைத்தொடரை எட்டினர். சென்னைப் படையின் டக்ளஸ் ஹாமில்டன் 1862 மே மாதம் ஆனைமுடியில் ஏறியதே பதிவாகியுள்ள முதல் ஏற்றம். பதிவாகியுள்ள என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதுவர் எழுதி வைப்பவர்கள் அல்லர்.

நிலத்தின் தலையெழுத்தை மாற்றியது 1877. அவ்வாண்டு ஜூலை 11-ஆம் நாள், ஏலமலைகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞார் அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். 227 சதுர மைல். பூஞ்ஞார்க் குடும்பம் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்வது. இரண்டாண்டில் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் உருவானது. காப்பி, சின்கோனா என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் நிலைகொண்டார்கள். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது.

தோட்டம் போட்டவர்கள் துரைமார் என்றுதான் புத்தகங்கள் சொல்லும். காட்டை வெட்டியதும், குழி தோண்டியதும், கொழுந்து கிள்ளியதும் கங்காணிகள் கூட்டிவந்த தமிழ்த் தொழிலாளர்கள். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து போடி வழியாக, கொட்டகுடிப் பாதையில் நடந்து ஏறியவர்கள். பின்னர் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடப் பாதையும், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சிறு ரயிலும் வந்தன. மலையாள ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில், வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போனது. மறுபடி அது கட்டப்படவே இல்லை.

இரவிகுளம் மேடு மட்டும் நடப்படாமல் நின்றது. அங்கே உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். மண்ணுக்கும் ஆழம் போதாது. பயன்படாத அந்த நிலத்தைத் தோட்ட அதிகாரிகள் தங்கள் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வைத்துக்கொண்டார்கள். ஓடைகளில் வானவில் டிரவுட் மீனை விட்டார்கள். 1928-இல் அமைந்த உயர்மலை வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் யார், எதை, எவ்வளவு சுடலாம் என்று வரையறுத்தது. சேண முதுகுக் கிடாக்களே வேட்டைக்காரரின் குறி. காவலுக்குச் சங்கம் முதுவரை வைத்தது. வேட்டைக்காகக் காத்த நிலம் வேட்டை விலங்கைக் காப்பாற்றிவிட்டது என்பது உண்மைதான். நீலகிரியில் அப்படி யாரும் கட்டுப்படுத்தாத இடங்களில் வரையாடு அற்றுப்போனதையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் புகழைச் சங்கத்தின் பெயர்ப்பலகைக்கே முழுவதும் கொடுத்துவிடுவது நியாயமாகாது. பனியிலும் அட்டைக்கடியிலும் மாதக்கணக்கில் அந்த மேட்டைச் சுற்றி வந்து, திருட்டு வேட்டையையும் தீயையும் தடுத்த கால்கள் முதுவருடையவை. பள்ளத்தாக்கு டர்னர் பெயரைத் தாங்குகிறது. அந்தக் காவலர்களில் ஒருவர் பெயரும் வரைபடத்தில் இல்லை.

விடுதலைக்குப் பின் நிலச்சீர்திருத்தம் வந்தது. 1971-இல் கண்ணன் தேவன் மலைகள் நிலமீட்புச் சட்டத்தைக் கேரளம் இயற்றி, பயிரிடாத நிலங்களைத் திரும்ப எடுத்தது. 1972-இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. நிலம் வேளாண் மக்களின் நலனுக்கு என்பது சட்டத்தின் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் இரவிகுளத்தைப் பங்குபோட்டிருந்தால் உழவருக்கும் பயன் இருந்திராது, வரையாடும் மிஞ்சியிராது. அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1969-இல் இங்கே வந்து வரையாட்டை ஆராய்ந்திருந்தார். இந்த மேட்டின் மதிப்பு வெளியுலகுக்குத் தெரியத் தொடங்கிய காலம் அது. 1975 மார்ச் 31-இல் இரவிகுளம் சரணாலயமானது. 1978-இல் தேசியப் பூங்கா. அடுத்த ஆண்டே கிளிஃபோர்டு ரைஸ் வந்து, இரண்டாண்டுக்கு மேல் வரையாட்டுக் கூட்டங்களோடேயே இருந்து எழுதிய ஆய்வு, இந்த விலங்கின் நடத்தையைப் பற்றி இன்றும் முதலில் எடுக்கப்படுவது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றபோது இரவிகுளமும் அதில் சேர்ந்தது.

பூங்காவில் பார்வையாளர் போக முடிவது ராஜமலை மட்டுமே. வனத்துறைப் பேருந்து ஏற்றி இறக்குகிறது. அதற்கு மேல் சிறிது தூரம் தார்ச்சாலையில் நடக்கலாம். வரையாடுகள் சாலை ஓரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். கேமராவை அவை பொருட்படுத்துவதில்லை. அந்தப் பழக்கம் அவற்றுக்கு நல்லதுதானா என்பது யோசிக்க வேண்டியது. மேட்டின் உட்பகுதியில், இன்னும் மனிதனைக் கண்டு பாறைக்கு ஓடுகிற கூட்டங்கள் இருக்கின்றன.

ராஜமலையைக் கடந்து போகும் அதே சாலை பெட்டிமுடியில் முடிகிறது. அங்கிருந்து இடமலைக்குடிக்குக் காட்டுப்பாதை. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது; முதுவர் குடிகளின் தொகுப்பு. பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் வரிசையாக இருந்தன. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பல நாள் மழைக்குப் பிறகு, மேலே மலை பெயர்ந்து பாறையும் சேறுமாக இறங்கி லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் ஏற்கெனவே போயிருந்ததால், வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. இறந்தவர்களும் கிடைக்காமலே போனவர்களும் சேர்த்து 70 பேர். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள். மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள். மழை, சரிவு, மெல்லிய மண், பழம்பாறை என்று இந்த நிலத்தைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாம் அந்த ஒரு இரவில் அவர்கள் மேல் விழுந்தன. இந்த மலையின் வரலாற்றை எழுதும் யாரும் வரையாட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

பூங்காவின் ஆண்டு பனிக்காலத்தில் தொடங்குகிறது எனலாம். காய்ந்த புல்லில் தீ பரவாமலிருக்க, லக்கம்குடி முதுவர்கள் மேட்டின் குறுக்கே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். சில இடங்களில் கட்டுப்படுத்தி எரிக்கவும் செய்கிறார்கள். எரிந்த இடத்தில் சில வாரங்களில் இளம்புல் வரும். குட்டி ஈன்ற தாய் ஆடுகள் முதலில் இறங்கி மேய்வது அங்கேதான். அந்த வாரங்களில் ராஜமலை வாயில் மூடியிருக்கும். ஈற்றுக்காலம் முடிந்து, பெரும்பாலும் ஏப்ரல் பிறந்த பிறகே, பேருந்துகள் மறுபடி ஏறுகின்றன.